அன்று நானே பூசினேன்

இருபத்திரண்டு வருடங்கள் நான் முகத்தில் பூச்சுப் பூசிக்கொண்டுதான் வெளியே போனேன். நான் நடிகன் இல்லை. மாத்தளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் வரலாறு படிப்பித்தவன். நாற்பது வயது தாண்டியபோது மேலுதட்டில் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. இரண்டு வருடத்துக்குள் அது உதட்டைச் சுற்றி, கண்களைச் சுற்றி, நெற்றியில் என்று படர்ந்துவிட்டது. இது ஒட்டுகிற நோய் இல்லை, தோலில் நிறம் போய்விடுகிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். ஊரில் அதற்கு வெண்குஷ்டம் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்ட பிறகு டாக்டர் சொன்னது எதுவும் எனக்குள் நிற்கவில்லை.

முதலில் பூசிவிட்டவள் என் மனைவி. பாடசாலைக் கலைவிழாவில் நடனமாடும் பிள்ளைகளுக்குப் பூசுவார்களே, வட்ட டப்பாவில் வரும் கட்டிப்பூச்சு, அதை வாங்கி வந்து தண்ணீரில் குழைத்துப் போடுவாள். மாத்தளைப் புழுக்கத்தில் அது மூன்றாம் பாடவேளைக்கு மேல் நிற்காது. நான் நாலாம் பாடவேளையில் எந்த வகுப்புக்குப் போனாலும் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, ஆசிரியர் கழிப்பறைக்குள் நின்று சட்டைப் பையிலிருந்த டப்பாவைத் திறப்பேன். பிள்ளைகள் எனக்கு ‘பவுடர் சேர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கொஞ்சம் உரக்கச் சொன்னதற்காக ஒரு பிள்ளையை விளையாட்டு மைதானத்தில், வெயிலில், முழங்காலில் நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளை சொன்னது பொய்யில்லை.

மனைவி இறந்த பிறகு, எங்கள் ஒரே மகள் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே தங்கி, விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருவாள். அந்த ஹோட்டலின் முன்மண்டபம் நாலு பக்கமும் திறந்தது. ஏசி கிடையாது. காலை ஆறு மணிக்குப் போட்ட ஒப்பனை மாலை வரை வடியாமல் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. மூத்த பெண்கள் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்களாம். அவள் கற்றதை எனக்குக் கொண்டுவந்தாள்.

“அப்பா, நீங்க பண்றது எல்லாமே தப்பு” என்றாள் முதல் நாளே. “வேர்க்குதுன்னு தடிப்பா பூசுறீங்க. தடிப்பா பூசினாத்தான் முதல்ல வழியும்.”

குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவ வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி நெற்றியிலும் மூக்கிலும் ஒற்ற வேண்டும். ஈரம் போனதும் எண்ணெய் இல்லாத கிரீம் ஒரு பொட்டளவு. பிறகு பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் யாரும் பொறுக்க மாட்டார்கள் என்பாள். அதன் பிறகு நிறப்பூச்சு, விரல் நுனியால் தட்டித் தட்டி, மெல்லியதாக ஒரு தரம். காய்ந்ததும் இன்னொரு தரம். மேலே பவுடர், தேய்க்காமல் அழுத்தி. கடைசியில் ஒரு ஸ்பிரே. வேர்த்தால் சட்டைப் பையில் மடித்து வைக்கிற லேஞ்சியால் துடைக்கக் கூடாது. டிஷ்யூவை வைத்து எடுக்க வேண்டும்.

“துடைக்காதீங்க, ஒத்தி எடுங்க” என்று அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. அவள் சொன்னபடி செய்த நாட்களில் என் முகம் பின்னேரம் நாலு மணி வரை அசையாமல் நின்றது. ஓய்வு பெற்ற பிறகு டியூஷன் வகுப்புக்கும் கோயிலுக்கும் அப்படியே போனேன். எல்லோரும் முகக்கவசம் கட்டிக்கொண்டு திரிந்த காலம் எனக்கு விடுமுறை மாதிரி இருந்தது. ஊரே பயந்துகொண்டிருந்தபோது நான் நிம்மதியாக இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த ஒருவரை மகள் விரும்பினாள். பக்கத்தில் பலாபத்வல ஊரைச் சேர்ந்தவர். நல்ல பிள்ளை. அப்பா இல்லை, அம்மா வீதியோரம் ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தார். மகளுக்கு அப்போது இருபத்தேழு வயது. அதற்கு முன் வந்த மூன்று கல்யாணப் பேச்சுகளை நான்தான் தட்டிக் கழித்தேன். சாதகம் சரியில்லை, தூரம், படிப்புப் போதாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னேன். உண்மையான காரணம், அவர்கள் வந்து என் எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள் என்பது. இந்த முறை அவள் விடவில்லை. அவருடைய வீட்டார் பேச வருகிறார்கள் என்று நாளையும் சொல்லிவிட்டாள்.

வருவதற்கு முந்தின நாள் சமையலறையில் அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

“அப்பா, ஒண்ணு கேட்டா செய்வீங்களா?”

“சொல்லு.”

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் பூசாதீங்க. கழுவின முகத்தோட வந்து உக்காருங்க.”

நான் குழாயைத் திறந்து கை கழுவினேன்.

“அவருக்குத் தெரியும்ப்பா. நான் எப்பவோ சொல்லிட்டேன். அவங்க அம்மாவுக்குத்தான் தெரியாது. அப்பாவே காட்டட்டும், அதான் மரியாதைன்னு அவர் சொல்றாரு. நாங்க எதையும் மறைச்சுக் கல்யாணம் பண்ணினோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.”

“அதுக்கு அவங்க எந்திரிச்சுப் போயிட்டா?”

“போனா போகட்டும். அது என் பாடு.”

சரி என்றேன். தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யவில்லை, ஆனால் சரி என்றேன்.

மறுநாள் காலை அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது நான் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பூசினேன். ஐஸ் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போனால் அவள் பார்த்துவிடுவாள். அதனால் ஐஸ் இல்லை. பத்து நிமிடம் பொறுக்கவும் இல்லை. பயத்தில் ஒரு தரத்துக்கு மூன்று தரம், தடிப்பாக, அவள் எதைச் செய்யக்கூடாது என்றாளோ அதையெல்லாம் செய்தேன். வெளியே வந்தபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

“கழுவுங்கப்பா. நேரம் இருக்கு.”

“இன்னைக்கு மட்டும். பேச்சு முடியட்டும். அடுத்த தரம் நானே காட்டிடுறேன்” என்றேன். அவள் உள்ளே போனாள்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒரு மணிக்குத்தான் வந்தார்கள். பெட்ரோலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்ற வருடம் அது. கரண்ட் தினமும் போகும். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர் ஓர் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். தாய்மாமன் கலகலப்பான மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“மன்னிக்கணும் சேர். க்யூவுல நின்னு நின்னு எங்க மாப்பிள்ளைக்கு நரை விழுந்துருச்சு. நல்லாப் பார்த்துக்கிடுங்க, போன மாசம் இளந்தாரியா இருந்தவன்.”

“சும்மா இரு அண்ணே” என்றார் மாப்பிள்ளையின் அம்மா, சிரித்துக்கொண்டே.

உட்கார்ந்து ஐந்து நிமிடமில்லை, மின்விசிறி நின்றது. ஜன்னல்களைத் திறந்தோம். காற்று இல்லை. மழைக்கு முன் வருமே ஒரு புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், அது. நான் டிஷ்யூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யாரும் பார்க்காதபோது நெற்றியில் ஒற்றினேன். மேலுதட்டில் வேர்வை கோத்தது. மகள் சுடச்சுடத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்தால் ஆவி உதட்டில் படும் என்று கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

பேச்சு நன்றாகப் போனது. சொல்லப்போனால் பேச ஒன்றுமே இருக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “எங்க வீடு சின்னது புள்ள. கடைச் சத்தம் விடியக்காலம் நாலு மணிக்கே தொடங்கிரும். லொறிக்காரங்க தேத்தண்ணிக்கு நிப்பாட்டுவாங்க. தூக்கம் வராது, பரவாயில்லையா?” என்று கேட்டார். “பரவாயில்லம்மா, ஹோட்டல்லயும் அப்படித்தான்” என்றாள் மகள். அவள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தாய்மாமன் கைதட்டினார். “அப்புறம் என்ன? தட்ட எடுங்க.”

அவர்கள் கொண்டுவந்த தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், ஒரு கிண்ணத்தில் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். எங்கள் ஆட்களில் பேச்சு ஒப்பினால் பையன் பக்கத்துப் பெரியவர் பெண்ணின் தகப்பனுக்குத் தன் கையால் நெற்றியில் சந்தனம் வைப்பார். அதன் பிறகுதான் தட்டு கைமாறும். இந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? நானே எத்தனை வீடுகளில் பெரியவராகப் போய் வைத்திருக்கிறேன். ஆனால் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றவனுக்கு இது ஞாபகத்துக்கு வரவில்லை.

“குடுங்க, நானே வச்சுக்கிறேன்” என்றேன்.

“அது எப்படி சேர்? எங்க கையாலதான வைக்கணும். தலைய நிமித்துங்க.”

அவர் கட்டைவிரலால் நிறையச் சந்தனம் எடுத்து என் நெற்றியில் வைத்து, தாராளமாக ஓர் இழுப்பு இழுத்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். மஞ்சளோடு மண்நிறமாக ஒரு சேறு அதில் ஒட்டியிருந்தது.

“என்ன சேர், சாயம் போகுது?” என்று சிரித்தார். அவர் கேலிக்குத்தான் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் பதறிப்போய் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தேன். ஒற்றவில்லை, துடைத்தேன். உதட்டுக்கு மேலிருந்ததும் கண்ணுக்குக் கீழிருந்ததும் ஒன்றாகத் துணியோடு வந்துவிட்டன.

வெளியே ஓட்டோக்காரர் ரேடியோவில் எதையோ தேடிக்கொண்டிருந்தது கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மாதான் கேட்டார். கோபமாகக் கூட இல்லை. “இது என்னங்க சேர்?”

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“புள்ளதான் பூசி விட்டுச்சு. பார்த்தா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துருச்சு. நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. அந்த வார்த்தைகள் தடுமாற்றம் இல்லாமல், வரிசையாக வந்தன. அப்படி வருவதற்கு அவை எனக்குள் எங்கோ தயாராக இருந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தார். அவள் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் அதைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை பேசினால் நான் அந்த இடத்தில் பொய்யனாவேன். அதற்காகத்தான் அவள் பேசவில்லை. அது தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து, குடித்த கோப்பைகளையும் என்னுடைய குடிக்காத கோப்பையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“பாவம், பெரியவரப் போய் இந்தப் பாடு படுத்தியிருக்கே” என்றார் அந்த அம்மா, தன் அண்ணனிடம் தாழ்ந்த குரலில். பிறகு என்னிடம், “என் மச்சாளுக்கும் இது இருந்துச்சு சேர். நாலு புள்ள பெத்து நல்லா வாழ்ந்தாங்க. இத யாரும் பெருசா எடுக்கப் போறதில்ல” என்றார். அந்தப் பரிவை நான் வாங்கிக்கொண்டேன். குனிந்துகொண்டு, பாதிக்கப்பட்டவன் மாதிரி வாங்கிக்கொண்டேன்.

வெற்றிலையையும் சந்தனத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். பழத்தை மட்டும் தாய்மாமன் மேசையில் வைத்தார். “இருக்கட்டும் சேர், வீட்ல சாப்பிடுங்க” என்றார். வரும்போது பேசியவர் போகும்போது அதற்கு மேல் பேசவில்லை.

மூன்றாம் நாள் சொல்லியனுப்பினார்கள். என் தோல் வருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தகப்பன் முகத்துக்கே வேஷம் போட்டு ஊரை ஏமாற்றப் பார்க்கிற பிள்ளை நாளைக்கு எங்கள் வீட்டில் என்னென்ன செய்யாது என்று பயமாக இருக்கிறதாம்.

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, ஒரு விதமாக அதைக் கடந்திருப்பேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

“நீங்க போய் அவங்க அம்மாகிட்ட சொல்லுங்கப்பா. நான் பூசலன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“வெள்ளிக்கிழமை போறேன்” என்றேன்.

மாத்தளையிலிருந்து பலாபத்வலவுக்கு யாழ்ப்பாண வீதியில் பஸ்ஸில் அரை மணித்தியாலம் கூட ஆகாது. அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஓடவில்லை, அது உண்மை. அடுத்த வெள்ளிக்கிழமை ஓடியது. எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. அதற்கடுத்த வாரம் கோயிலில் பூசை. பிறகு டியூஷன் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஒரு தரம் பஸ் நிலையம் வரை போய், பஸ் நிற்கிற இடத்தில் நின்று, மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஒரு நாள் மாப்பிள்ளையே தொலைபேசியில் பேசினார்.

“சேர், நான் சொல்லிப் பார்த்துட்டேன். நீ அந்தப் புள்ளைக்காகப் பேசுற, அப்படித்தான் சொல்லுவன்னுட்டாங்க அம்மா. உங்க வாயால கேட்டாத்தான் நம்புவாங்க. எப்ப வர்றீங்க சேர்?”

“வர்றேன் தம்பி. இந்த மாசத்துக்குள்ள வந்துர்றேன்.”

“நான் வந்து கூட்டிட்டுப் போகவா?”

“வேணாம், வேணாம். நானே வர்றேன்.”

அந்த மாதம் போனது. இன்னும் ஐந்து மாதம் போனது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் மகள் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள், கேட்க மாட்டாள். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டாள். அவள் ஹோட்டல் வேலையை விட்டுக் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போகப் பத்திரம் நிரப்பியபோதுதான், அவருக்கு நாவுல என்ற ஊர்ப் பக்கத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் முடிந்துவிட்டது என்பதை வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் போனேன். போன வருடம், அவள் கட்டாருக்குப் போய் ஏழெட்டு மாதமான பிறகு. பூசவில்லை. வெறும் முகத்தோடு பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிங்களப் பெண் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் மூட முடியுமா, தூசி வருகிறது என்று கேட்டாள். இவ்வளவுதான் நடந்தது. இதற்குப் பயந்துதான் இருபத்திரண்டு வருடம்.

அந்த அம்மா கடையில்தான் இருந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காராமலே சொன்னேன்.

“அன்னைக்கு நான் சொன்னது பொய்ம்மா. புள்ள பூசல. பூச வேணாம்னு கெஞ்சிச்சு. நானே கதவச் சாத்திக்கிட்டுப் பூசினேன். பழிய அது மேல போட்டேன்.”

அவர் கையிலிருந்த சீனிப் பொட்டலத்தை நூலால் கட்டி முடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மெதுவாப் பேசுங்க சேர். மருமக உள்ள இருக்கு.”

நான் அங்கே நின்றேன். உள்ளே சட்டி பானைச் சத்தம் கேட்டது. ஒரு பெண் யாரிடமோ தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

“இதச் சொல்ல உங்களுக்கு இத்தன நாளா சேர்?” என்றார் அந்த அம்மா, குரலைத் தாழ்த்தியே. “அந்தப் புள்ள அன்னைக்கு ஒரு வார்த்த பேசல. திமிருன்னு நெனச்சேன். எங்க வீட்டுப் பையன் ரெண்டு மாசம் என்கூடப் பேசல. அவன் பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப நான் இத யாருகிட்ட போய்ச் சொல்ல?”

அவர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அன்று மகள் தொலைபேசியில் கூப்பிட்டபோது போனதைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். 

“அவரு வீட்ல இருந்தாரா?”

“இல்ல. அவங்க அம்மா மட்டுந்தான். மருமக உள்ள இருந்துச்சு.”

“அந்த அக்காவுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டிருக்காது.”

“இப்ப எதுக்குப்பா போனீங்க?”

“உண்மையச் சொல்லணும்னு.”

“யாருக்காக?” என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

எனக்காகத்தான். அந்தக் கேள்விக்கு வேறு பதில் இல்லை, அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நான் அவளிடம், “சாப்பிட்டியா?” என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள்.